புதனும் புத்தனும்

புதன்கிழமையின் புதனுக்கும் கௌதம புத்தனுக்கும் தமிழ் எழுத்தில் ஒரு தகர ஒற்றுதான் வேறுபாடு. இரண்டு பெயர்களும் 'புத்' என்னும் ஒரே வடமொழி வேரில் கிளைத்தவை. விழித்தல், கவனித்தல், உணர்தல் என்பன அவ்வேரின் பொருள்கள். விழித்தல் என்ற பொருள் எவ்வளவு பழையது என்பதற்கு வடமொழியின் தூரத்து உறவான ரஷ்ய மொழி சாட்சி. உறங்குபவரை எழுப்புவதற்கு அங்கே வழங்கும் வினைச்சொல்லும் இதே வேரினது. அதிலிருந்து வந்த 'புதீல்னிக்' அலாரம் கடிகாரத்தைக் குறிக்கிறது.

தமிழுக்கு வந்த இக்குடும்பம் பெரியது: புத்தி, போதம், போதனை, போதி, பௌத்தம். மெய்கண்டாரின் சிவஞானபோதம் என்ற நூற்பெயரிலும் இந்த வேர் உண்டு. ஆனால் ஒலியை மட்டும் நம்பக் கூடாது. புத்தகம் இந்தக் குடும்பத்தில் சேராது. அது 'புஸ்தகம்' என்னும் வேறொரு வடசொல்லின் தமிழ் வடிவம். புத்தாடையும் புத்தாண்டும் 'புது' என்னும் தமிழ் அடியைச் சேர்ந்தவை.

புதன் என்றால் அறிவுள்ளவன். ஜோதிடர்கள் அவனை வித்யாகாரகன் என்பார்கள். கணக்கு, பேச்சு, எழுத்து, வணிகம் எல்லாம் அவன் பொறுப்பு. ஞானகாரகன் என்ற பெயரையோ கேதுவுக்குக் கொடுத்தார்கள். ஜோதிடத்தை நம்பாதவர்களும் இந்தப் பாகப்பிரிவினையைக் கவனிக்கலாம்: வித்தையும் ஞானமும் ஒரே கிரகத்திடம் ஒப்படைக்கப்படவில்லை.

புத்தன் என்பது பெற்றோர் இட்ட பெயர் அன்று. மரபு சொல்லும் பிள்ளைப் பெயர் சித்தார்த்தன். 29 வயதில் வீட்டை விட்டுப் புறப்பட்டவர் முதலில் ஆளார காலாமரிடமும், பிறகு உத்தக ராமபுத்திரரிடமும் பயின்றார். இருவர் கற்பித்ததையும் விரைவில் கைவரப் பெற்றார் என்று பாலி நூல்கள் கூறுகின்றன. காலாமர் தமக்குச் சமமாக அமர்ந்து மாணவர் கூட்டத்தை நடத்த அழைத்தார். இரண்டாமவர் ஆசிரியர் இடத்தையே தர முன்வந்தார். அறிவுக்கூர்மைக்கு இதைவிடப் பெரிய நற்சான்று வேண்டியதில்லை. ஆனாலும் துயரம் தீரும் வழி தெரியவில்லை என்று இரண்டு இடங்களையும் விட்டு வெளியேறினார். அப்போது அவரை யாரும் புத்தர் என்று அழைக்கவில்லை. அந்தப் பெயருக்கு உரியவரானது 35 வயதில், கயைக்கு அருகே அரசமரத்தடியில்.

பின்னொரு நாள் தோணர் என்ற அந்தணர் அவருடைய காலடித்தடத்தைக் கண்டு வியந்து, நீர் தேவரா, கந்தர்வரா, யட்சரா, மனிதரா என்று வரிசையாகக் கேட்டதாக ஒரு சூத்திரம் சொல்கிறது. நான்கையும் மறுத்தவர், தம்மைப் புத்தன் என்று கொள்ளும்படி சொன்னார்.

இந்தப் பெயரின் இலக்கணம் முக்கியமானது. வடமொழியில் 'புத்த' என்பது இறந்தகால எச்சம். தமிழில் 'விழித்தவன்' என்ற வினையாலணையும் பெயருக்கு நிகர். அதற்குள் காலம் இருக்கிறது. விழிப்பதற்கு முன் ஓர் உறக்கம் இருந்ததையும் அது மறைக்கவில்லை. புத்திசாலியில் உள்ள 'சாலி' உடைமையைக் காட்டும் விகுதி. நிலம் உடையவர், பணம் உடையவர் என்பதுபோல் புத்தி உடையவர், அவ்வளவே. அதில் காலம் இல்லை.

இந்த வேறுபாட்டை நம் பேச்சுவழக்கும் காப்பாற்றி வைத்திருக்கிறது. வகுப்பில் முதலாவதாக வரும் பிள்ளை புத்திசாலி. கையைச் சுட்டுக்கொண்டு திருந்தியவரைப் பார்த்து 'இப்பத்தான் புத்தி வந்தது' என்கிறோம். அவர் பட்டம் பெற்றவராக இருந்தாலும் அப்படித்தான் சொல்கிறோம். முதல் புத்தி ஒருவரிடம் இருப்பது, இரண்டாவது வந்து சேர்வது. குறுக்குப் புத்தி, அற்ப புத்தி என்று முன்னால் அடைமொழி போட்டுத் திட்டவும் செய்கிறோம். குறுக்கு ஞானம் என்று யாரும் சொல்வதில்லை. கூர்மை எந்தப் பக்கமும் வளையும் என்பது பேசுகிற மக்களுக்குத் தெரிந்திருக்கிறது.

ஆகவே பிள்ளைகளைப் புத்திசாலி என்று பாராட்டுங்கள், தவறில்லை. ஆனால் மதிப்பெண்ணைப் பார்த்து வளர்ச்சி முடிந்தது என்று எண்ணிவிட வேண்டாம். உடைமையாகக் கிடைத்த அறிவு தொடக்கம் மட்டுமே. விழிப்பது ஒரு வினை, அதை அவரவரே செய்தாக வேண்டும்.