தோலில் தங்காத குரோமியம்

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை எனப் பாலாற்றுப் படுகை ஊர்களில் தோல் பதனிடும் தொழில் வேரூன்றியபோது அதற்குத் தேவைப்பட்டவை ஆவாரம் பட்டையும் கடுக்காயும் சுண்ணாம்பும் நிறையத் தண்ணீரும்தான். பட்டையிலுள்ள துவர்ப்புப் பொருள் தோலுக்குள் இறங்க வாரக்கணக்கில் ஆகும். வெளியேறிய நீர் பழுப்பு நிறத்தில் நாற்றமடித்தது; ஆனால் அதில் குரோமியம் இல்லை.

குரோமிய உப்பால் பதனிடும் முறைக்கு அமெரிக்காவில் அகஸ்டஸ் ஷுல்ட்ஸ் 1884இல் காப்புரிமை பெற்றார். சென்னையில் 1903 வாக்கில் ஆல்ஃபிரட் சாட்டர்டன் அதைச் செய்துபார்த்தார். எனினும் பாலாற்றுப் பகுதியில் அது பெருகியது 1970களுக்குப் பிறகுதான். பாதி பதனிட்ட தோலின் ஏற்றுமதிக்கு அரசு வரம்பு விதித்து, முழுமையாக்கிய தோலையும் தோல் பொருள்களையும் ஊக்குவித்தது. தொழிலும் குரோமியத்தின் பக்கம் திரும்பியது. தோலின் கொலாஜன் புரதத்தை இந்த உலோகம் இறுகப் பற்றிக்கொள்வதால் வாரக்கணக்கான வேலை ஏறக்குறைய ஒரு நாளில் முடிந்தது. ஆனால் வழக்கமான முறையில் போடும் குரோமியத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கையே தோல் பிடிக்கிறது. மீதி நீரோடு போகிறது. ஆற்றுப்படுகையின் துயரத்தில் அந்த மூன்றில் ஒரு பங்குக்கும் இடமுண்டு.

கிணறுகள் கெட்டு, வழக்கு உச்ச நீதிமன்றம் சென்று, 1996 ஆகஸ்ட் 28இல் தீர்ப்பு வந்தது. மாசு செய்தவரே இழப்பை ஈடுசெய்ய வேண்டும் என்ற கோட்பாட்டை இந்தியச் சட்டத்தில் ஊன்றிய தீர்ப்புகளுள் இது முதன்மையானது. பொது சுத்திகரிப்பு நிலையமோ ஆலையின் சொந்தச் சுத்திகரிப்பு அமைப்போ கட்டாயமானது. பதனிட்ட நீரிலுள்ள குரோமியத்தை மக்னீசியம் ஆக்சைடால் வீழ்படிவாக்கி, அதைக் கந்தக அமிலத்தில் கரைத்து மீண்டும் தோலுக்கே பயன்படுத்தும் முறையும் பரவியது. செறிவான நீருக்கு இது மலிவு. நீரில் லிட்டருக்குச் சில மில்லிகிராமே எஞ்சும்போதுதான் சிக்கல். பரப்புக்கவர்ச்சி அங்கே பயன்படுகிறது.

கரைசலின் நிறத்தைக் கரி நீக்கும் என்று 1785இல் தோபியாஸ் லோவிட்ஸ் கண்டார். இந்நிகழ்வுக்கான ஐரோப்பியக் கலைச்சொல் 1881இல்தான் பிறந்தது. பஞ்சு நீரை உள்ளே இழுப்பது உறிஞ்சுதல். கரைந்த பொருள் திண்மத்தின் மேற்பரப்பில் ஒட்டுவது பரப்புக்கவர்ச்சி. நுண்துளைகள் மிகுந்த கரியில் ஒரு கிராமுக்கே ஏறத்தாழ ஆயிரம் சதுர மீட்டர் பரப்பு உண்டு. தேங்காய்த் தொட்டியைச் சுட்டு, நீராவியில் துளையேற்றிய கரி இதற்குப் பெயர்பெற்றது. விலையைக் குறைக்க, தமிழ்நாட்டு ஆய்வகங்கள் கழிவுப் பொருள்களைத் தேடின. கோவை பாரதியார் பல்கலைக்கழகத்தில் தென்னை நார்க்கழிவைக் கரியாக்கிச் சோதித்தனர். சாண எரிவாயுக் கலனின் சக்கையும் உமிக்கரியும்கூட ஆராயப்பட்டன.

இந்த ஆய்வுகளில் பெரும்பாலானவை, குரோமியத்தின் இரு வடிவங்களில் ஆறிணைதிறன் குரோமியத்தையே எடுத்துக்கொண்டன. அது எதிர்மின்னேற்றத்துடன் நீரில் இருக்கிறது. அமிலம் மிகுந்த, பி.எச். 2 அளவிலான நீரில் கரியின் பரப்பு நேர்மின்னேற்றம் பெறுவதால் அதை ஈர்க்கிறது. ஒரு பகுதியை மூவிணைதிறனாகவும் மாற்றிவிடுகிறது. ஆனால் தோல் ஆலை நீரில் இருப்பது பெரிதும் மூவிணைதிறன் குரோமியம். நேர்மின்னேற்றம் கொண்ட அது அமில நீரில் கரியை விட்டு விலகும், பி.எச். 5ஐ ஒட்டித்தான் நன்றாகப் பிடிபடும். ஆய்வகத்தில் கிடைத்த சிறந்த எண்கள் தோல் ஆலைக்கு அப்படியே பொருந்தாததற்கு இந்த வேறுபாடே முதற்காரணம். அவை உண்மையில் பொருந்தக்கூடிய இடம் இராணிப்பேட்டையில் இருந்தது. அங்கு மூடப்பட்ட ஒரு குரோமேட் ஆலையின் திறந்தவெளிக் கழிவுமேடு லட்சம் டன்னுக்கும் அதிகம். அதிலிருந்து நிலத்தடி நீருக்குள் இறங்கியது ஆறிணைதிறன் குரோமியம். புற்றை உண்டாக்கக்கூடிய, நச்சு மிகுந்த வடிவம் அது.

ஆறிணைதிறன் குரோமியத்தால் கரி நிறைந்த பின் அதைக் காரத்தால் கழுவலாம். அப்போது குரோமியத்தின் ஒரு பகுதி கரியை விட்டுச் சிறிதளவு நீரில் செறிவாக வெளிவரும். அதை மூவிணைதிறனாக மாற்றி வீழ்படிவாக்க வேண்டும். கழுவாவிட்டால், கரியே அபாயக் கழிவாகி, பாதுகாப்பான குழியில் புதைக்கப்பட வேண்டியதாகிறது. தோலைக் கெடாமல் வைக்கச் சேர்த்த சமையல் உப்போ எந்தக் கரியிலும் தங்குவதில்லை. பாலாற்றுக் கிணறுகளை உவர்க்கச் செய்த அந்த உப்பைப் பிரிக்க, பின்னாளில் எதிர்ச் சவ்வூடுபரவல் எந்திரங்களும் ஆவியாக்கிகளும் நிறுவப்பட்டன.