வாய்க்கால் ஒன்று, எல்லை பல: பெருமுக்கல் வட்டாரத்துக்கு நிலத் திட்டம் போடுவது யார்?

2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. திண்டிவனத்தை ஒட்டிய மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை கொட்டித் தீர்த்தது. கிழக்கே மரக்காணத்தில் உப்பளங்கள் தண்ணீரில் மூழ்கின.

திண்டிவனம் நகராட்சி. மரக்காணம் பேரூராட்சி. இரண்டுக்கும் நடுவே, அந்தச் சாலையில் இருக்கும் பெருமுக்கல் கிராம ஊராட்சி. ஏரி நிரம்பி, ஓடை பிடித்துக் கடலோரத் தாழ்நிலத்துக்கு இறங்கும் தண்ணீருக்கு இந்த வித்தியாசம் எதுவும் தெரியாது. மனைப்பிரிவுக்கு அனுமதி கொடுக்கும் ஃபைல்களுக்கு நன்றாகவே தெரியும். மேட்டில் ஒரு வாய்க்காலைத் தூர்த்து பிளாட் போட்டால், பாதிப்பு பள்ளத்தில் இருக்கும் அடுத்த ஊருக்குத்தான். கேட்டால், "அது நம்ம லிமிட் இல்லீங்க" என்ற பதில் தயாராக இருக்கும்.

இதற்கான மாற்றுதான் கூட்டு நிலப் பயன்பாட்டுத் திட்டம். அக்கம்பக்கத்து உள்ளாட்சிகள் எல்லாவற்றையும் ஒரே வரைபடத்தில் வைத்து, எது குடியிருப்பு, எது விவசாயம், எது தொழிற்சாலை, எந்த நீர்வழியைத் தொடக்கூடாது என்று முன்கூட்டியே முடிவு செய்வது.

சட்டம் என்ன சொல்கிறது?

தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம், 1971-ல் இதற்கு வழி இருக்கிறது. பல உள்ளாட்சிகளைச் சேர்த்து ஒரே 'உள்ளூர் திட்டப் பகுதி' அல்லது 'மண்டலத் திட்டப் பகுதி' என அரசு அறிவிக்கலாம். பெரிய உதாரணம் சென்னை. சி.எம்.டி.ஏ. எல்லை 1,189 சதுர கி.மீ.யிலிருந்து 5,904 சதுர கி.மீ.யாக 2022 அக்டோபரில் விரிவாக்கப்பட்டது. மாநகராட்சி முதல் கிராம ஊராட்சி வரை எல்லாமே அதற்குள் வரும்.

திட்டப் பகுதிக்கு வெளியே உள்ள கிராமங்களில் கதை வேறு. அங்கே விவசாய நிலத்தை வேறு பயன்பாட்டுக்கு மாற்ற 47-ஏ பிரிவு பொருந்தும். உள்ளாட்சியின் அனுமதியும், நகர் ஊரமைப்பு இயக்குநரின் முன் ஒப்புதலும் வேண்டும். கட்டுப்பாடு இருக்கிறதே என்று தோன்றலாம். ஆனால் இது ஒவ்வொரு சர்வே எண்ணாகப் பார்க்கும் முறை. இந்த மனை தனியாகச் சரி, அடுத்ததும் சரி. இருபதும் சேர்ந்தால் ஏரி வரத்து என்ன ஆகும் என்று கூட்டிப் பார்க்கும் வேலை யாருடைய மேஜையிலும் இல்லை.

கூட்டிப் பார்க்க வேண்டிய அமைப்பு ஒன்றை அரசியலமைப்பே சொல்கிறது. 74-வது திருத்தத்தில் வந்த 243 இசட்.டி. பிரிவின்படி, மாவட்டத் திட்டக் குழு ஊராட்சிகள், நகராட்சிகள் இரண்டின் திட்டங்களையும் ஒருங்கிணைத்து, தண்ணீர்ப் பகிர்வு, நில அமைப்பு போன்ற பொது விஷயங்களைக் கணக்கில் எடுத்து மாவட்டத்துக்கான வரைவைத் தயாரிக்க வேண்டும். உறுப்பினர்களில் ஐந்தில் நான்கு பங்குக்குக் குறையாதவர்கள் மாவட்ட ஊராட்சி, நகராட்சிகளின் மக்கள் பிரதிநிதிகளிலிருந்து தேர்வாக வேண்டும். காகிதத்தில் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்தக் குழு வரைவைத் தயாரித்து மாநில அரசுக்கு அனுப்பும். ஒரு மனைப்பிரிவை நிறுத்தும் அதிகாரத்தை அந்தப் பிரிவு அதற்குத் தரவில்லை.

கழுவெளி சொல்லும் பாடம்

வானூர், மரக்காணம் வட்டங்களில் பரந்திருக்கும் கழுவெளி, தென்னிந்தியாவில் பழவேற்காட்டுக்கு அடுத்த பெரிய உவர்நீர் ஏரி. சுற்றுவட்டாரத்தின் நூற்றுக்கும் மேற்பட்ட ஏரிகளின் உபரி நீர் இங்கேதான் வந்து சேர்கிறது. 2021 டிசம்பரில் சுமார் 5,151 ஹெக்டேர் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2024 ஆகஸ்டில் ராம்சார் அங்கீகாரமும் கிடைத்தது.

ஆக, ஏரிக்குப் பாதுகாப்பு வந்துவிட்டது. ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவரும் ஊர்களுக்கு? சரணாலய எல்லைக்குள் வனத்துறை பார்த்துக்கொள்ளும். எல்லைக்கு வெளியே பழைய கதைதான்.

கழுவெளி கடலோடு சேரும் இடையன்திட்டு கழிமுகம் இன்னொரு சிக்கல். தெற்கே அழகன்குப்பம், விழுப்புரம் மாவட்டம். வடக்கே ஆலம்பரைக்குப்பம், செங்கல்பட்டு மாவட்டம். இரு பக்கமும் மீன்பிடித் துறைமுகம் அமைக்கும் திட்டம் வந்தது. விவகாரம் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது. படகு நிறுத்த இடம் வேண்டும் என்பது மீனவர்களின் நியாயமான தேவை. முகத்துவாரம் அடையாமல் இருப்பதும் அவர்களுக்கே தேவை. இரண்டையும் முதலிலேயே ஒரே வரைபடத்தில் வைத்துப் பேசியிருந்தால், பேச வேண்டிய இடம் நீதிமன்றமாக இருந்திருக்காது.

பக்கத்திலேயே புதுச்சேரி வேறு இருக்கிறது. அது யூனியன் பிரதேசம் என்பதால் 1971-ம் ஆண்டுச் சட்டம் அங்கே செல்லாது. டெல்லியைச் சுற்றி ஹரியானா, உத்தரப் பிரதேசம், ராஜஸ்தான் சம்மதத்தோடு 1985-ல் நாடாளுமன்றம் தேசியத் தலைநகர் மண்டலத் திட்ட வாரியத்துக்குச் சட்டம் போட்டது. விழுப்புரம்–புதுச்சேரி எல்லைக்கு அப்படி ஒரு சட்டம் இல்லை.

மக்கள் எங்கே பேசலாம்?

முழுமைத் திட்டமோ மண்டலத் திட்டமோ தயாரானால், வரைவைப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்து, ஆட்சேபனை சொல்லக் குறைந்தது 2 மாதம் அவகாசம் தர வேண்டும். வாய்மொழி போதாது, எழுத்தில் கொடுக்க வேண்டும். சர்வே எண், ஓடையின் பெயர், தண்ணீர் போகும் திசை ஆகியவற்றைக் குறிப்பிட்டால் மனுவுக்கு வலு கூடும். பக்கத்து ஊராட்சியில் இருப்பவரும் தரலாம்.

திட்டமே இல்லாத ஊரில் கிராம சபைதான் முதல் இடம். தமிழ்நாட்டில் ஆண்டுக்கு 6 முறை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. இதில் மார்ச் 22 உலக தண்ணீர் தினம். ஏரி வரத்து வாய்க்கால் பற்றி மேல் ஊரும் கீழ் ஊரும் ஒரே வாசகத்தில் தீர்மானம் போட்டு மாவட்ட ஆட்சியருக்கு அனுப்ப எந்தத் தடையும் இல்லை.