விடுபட்ட வட்டி: ஹேபிடாட் வீட்டுக்கடன் முறையின் வளர்ச்சி

1969இல் ஜார்ஜியா மாநிலத்தின் அமெரிக்கஸ் நகருக்கு அருகே ஒரு கறுப்பினக் குடும்பத்துக்காக எழுந்த வீட்டின் விலை 6,000 டாலர். கான்கிரீட் கல் சுவர், வசதியான சமையலறை, வீட்டுக்குள்ளேயே குளியலறை, குளிருக்கு வெப்பமூட்டும் ஏற்பாடு என எல்லாம் இருந்தன. அதற்கு முன் அவர்கள் இருந்த குடிசையில் தண்ணீர்க் குழாய்கூடக் கிடையாது. வட்டியில்லாமல் 20 ஆண்டுத் தவணை என்றால் மாதம் 25 டாலர் வருகிறது. அதே தொகைக்கு 8 விழுக்காடு வட்டி போட்டால் தவணை 50 டாலரைத் தாண்டிவிடும். குடும்பம் கட்டாத அந்த மறுபாதியை யாரோ ஒருவர் கட்டித்தான் ஆக வேண்டும். அது யார் என்பதற்கு ஒவ்வொரு காலத்திலும் வெவ்வேறு விடை கிடைத்தது. ஹேபிடாட் ஃபார் ஹ்யூமானிட்டி என்ற தொண்டு நிறுவனத்தின் நிதி வரலாற்றை அந்த விடைகளின் வரிசையாகவே இக்கட்டுரை பார்க்கிறது.

இந்த ஏற்பாடு பிறந்த இடம் கொய்னோனியா பண்ணை. வேளாண்மை படித்தவரும் புதிய ஏற்பாட்டுக் கிரேக்கத்தில் புலமை பெற்றவருமான கிளாரன்ஸ் ஜோர்டன் 1942இல் அதைத் தொடங்கினார். கறுப்பரும் வெள்ளையரும் ஒரே பந்தியில் உண்டதை ஊர் பொறுக்கவில்லை. 1950களில் குண்டுவீச்சும் துப்பாக்கிச் சூடும் நடந்தன. கடைக்காரர்கள் விதை விற்க மறுத்தார்கள், காப்பீட்டு நிறுவனங்கள் கைவிட்டன. பண்ணைக்காரர்கள் தங்கள் பீக்கன் கொட்டைகளை அஞ்சல் வழியே நாடெங்கும் விற்றுப் பிழைத்தார்கள். இந்த அஞ்சல் வியாபாரத்தை ஆய்வாளர்கள் ஒரு வீரக்கதையின் கிளைக்கதையாகவே சொல்வது வழக்கம். எனக்கு அது நிதி வரலாற்றின் முதல் அத்தியாயமாகப் படுகிறது. உள்ளூர் வங்கியை நம்ப முடியாத ஒரு பண்ணை, முகம் தெரியாத ஆயிரக்கணக்கானோரின் முகவரிகளைச் சேர்த்துவைத்த காலம் அது.

அந்தப் பட்டியலின் மதிப்பு மில்லர்ட் ஃபுல்லருக்குத் தெரிந்திருந்தது. சமையல் புத்தகம் முதலியவற்றை அஞ்சலில் விற்று முப்பது வயதுக்கு முன்பே கோடீஸ்வரரான அலபாமா வழக்கறிஞர் அவர். 1965இல் மணவாழ்க்கை முறியும் நிலைக்கு வந்தபோது மனைவி லிண்டாவுடன் சேர்ந்து சொத்தைத் துறந்தார். 1968இல் கொய்னோனியாவில் ஜோர்டனும் அவரும் வகுத்த திட்டத்தில் ‘மனிதகுல நிதி’ என்றொரு பொதுப்பணம் இருந்தது. நன்கொடை, வட்டியில்லாக் கைமாற்று, பண்ணை வருமானம் ஆகியவை அதில் சேரும்; அதிலிருந்து வீடு கட்டப்படும்; வரும் தவணையில் அடுத்த வீடு எழும். ஏழைக்குத் தேவை பிச்சை அல்ல, முதல் என்பது ஜோர்டனின் நிலைப்பாடு. ஏழையிடம் வட்டி வாங்கக் கூடாது என்ற யாத்திராகமக் கட்டளை அதற்கு அடித்தளம். வாரத்துக்கு உழுத கறுப்பினக் குடும்பங்களை இயந்திரங்கள் நிலத்தைவிட்டுத் துரத்திக்கொண்டிருந்த நேரம் அது. அவர்களுக்கு எந்த வங்கியும் அடமானக் கடன் தராது. தொடக்கத்தில் சொன்ன அந்த முதல் வீட்டில் குடியேற்றம் நடக்குமுன்பே, 1969 அக்டோபரில், ஜோர்டன் மாரடைப்பால் இறந்துபோனார்.

சுழல்நிதி என்று சொல்லப்பட்டாலும் அது தானாகச் சுழலவில்லை. 1969க்கும் 1989க்கும் இடையில் அமெரிக்காவில் விலைவாசி மூன்று மடங்குக்கு மேல் ஏறியது. எனவே கடைசித் தவணையாக வந்த 25 டாலரின் மதிப்பு, கடன் கொடுத்த நாளின் கணக்கில் ஏழெட்டு டாலர்தான். ஒரு வீட்டின் தவணை முழுதும் வந்து சேர்ந்தாலும் அதைக்கொண்டு இன்னொரு வீட்டின் ஒரு பகுதியைத்தான் எழுப்ப முடியும். வட்டியைத் தள்ளுபடி செய்தவர்கள் பணவீக்கத்தையும் சேர்த்தே தள்ளுபடி செய்தார்கள். பின்னாளில் ஆப்பிரிக்க நாடுகள் சிலவற்றில் தவணையைச் சிமெண்ட் மூட்டையின் விலையோடு கட்டிப்போட்டார்கள்: வாங்கியது இத்தனை மூட்டை, திருப்பித் தருவதும் இத்தனை மூட்டை. அமெரிக்காவில் அந்த ஓட்டையை நன்கொடைதான் அடைத்தது.

1973 முதல் மூன்றாண்டு காங்கோவின் எம்பண்டாக்காவில் இதே முறையைச் சோதித்துப் பார்த்துத் திரும்பிய ஃபுல்லர் தம்பதி, 1976இல் ஹேபிடாட்டைத் தொடங்கினார்கள். ஒவ்வொரு ஊரிலும் தனித்தனிக் கிளை. குடும்பத்தைத் தேர்ந்தெடுப்பது, பணம் திரட்டுவது, கடனை வசூலிப்பது எல்லாம் கிளையின் பொறுப்பு. அமெரிக்கக் கிளைகள் தங்கள் நன்கொடை வரவில் தசமபாகத்தை வெளிநாட்டுப் பணிக்கு அனுப்பும் வழக்கமும் வந்தது.

தேர்வுக்கு மூன்று அளவுகோல்கள்: வீட்டுத் தேவை, தவணை கட்டும் சக்தி, உடன் உழைக்கும் விருப்பம். மூன்றாவதைத்தான் உலகம் அதிகம் அறியும். குடும்பம் தன் வீட்டிலும் பிறர் வீட்டிலுமாகச் சில நூறு மணி நேரம் உழைக்க வேண்டும். சனிக்கிழமைகளில் தேவாலயக் குழுவோ நிறுவன ஊழியர்களோ வந்து மரச்சட்டம் அடிப்பார்கள், வண்ணம் பூசுவார்கள். மின்சாரம், குழாய் போன்ற வேலைகள் உரிமம் பெற்ற தொழிலாளர் கையில்தான். பழகாத கைகள் அடித்த ஆணியை மறுநாள் தளமேலாளர் பிடுங்கி அடிப்பதும் உண்டு. எனவே கூலியில் மிச்சமாகும் தொகையை மிகைப்படுத்த வேண்டியதில்லை. மரச்சட்டம் அடித்த நிறுவனமே பிறகு ஒரு வீட்டின் முழுச் செலவையும் ஏற்பது உண்டு. உண்மையான வரவு அதுதான்.

1984இல் நியூயார்க்கின் கீழ்க்கிழக்குப் பகுதியில், 19 குடும்பங்களுக்கான பாழடைந்த கட்டடத்தைச் சீரமைக்க முன்னாள் அதிபர் ஜிம்மி கார்ட்டர் சுத்தியலோடு வந்தார். அவருடைய ஊரான பிளெயின்ஸ், அமெரிக்கஸுக்குப் பக்கத்து ஊர். செய்தியாளர்கள் திரண்டார்கள், நன்கொடை பெருகியது. 1991இல் கனடாவின் வின்னிபெக்கில் முதல் ‘ரீஸ்டோர்’ கடை திறந்தது. இடித்த வீட்டின் கதவு, மிச்சமான ஓடு, பழைய சமையலறை அலமாரி ஆகியவற்றை இலவசமாகப் பெற்று விற்கும் அந்தக் கடைகள் பல கிளைகளின் அலுவலகச் செலவைத் தாங்குகின்றன.

அரசுப் பணத்தை ஃபுல்லர் சந்தேகத்தோடுதான் பார்த்தார். மனைக்கும் சாலைக்கும் சாக்கடைக்கும் வாங்கலாம், செங்கல்லுக்குக் கூடாது என்பது அவர் வகுத்த கோடு. 1996இல் அமெரிக்க நாடாளுமன்றம் சுயஉதவி வீட்டுத் திட்டத்துக்குச் சட்டம் இயற்றியபோது மானியம் மனைக்கும் அடிப்படை வசதிக்கும் என்றே அமைந்தது. அந்தக் கோட்டுக்கு அது பொருந்தியது. பின்னர் கோடு மெல்ல நகர்ந்தது.

மனை விலை ஏற ஏற, 20, 30 ஆண்டு தவணைக்காகக் காத்திருக்கக் கிளைகளால் முடியவில்லை. கையிலிருந்த அடமானப் பத்திரங்களை வங்கிக்கோ மாநில வீட்டுநிதி முகமைக்கோ விற்று, அல்லது ஈடுவைத்து, உடனடிப் பணமாக்கினார்கள். வட்டி வராத பத்திரத்தை முகமதிப்புக்கு யாரும் வாங்கமாட்டார்கள். தள்ளுபடியில் விற்கும்போது, இதுவரை கண்ணுக்குத் தெரியாமலிருந்த வட்டிச்சுமை வெளிப்படையான ஒரு தொகையாக நின்றது. சில கிளைகளில் வட்டியுள்ள கடனும் நுழைந்தது. தவணை மட்டும் குடும்ப வருமானத்தின் 30 விழுக்காட்டைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டார்கள்.

இன்னொரு கருவி இரண்டாம் அடமானம். சந்தை விலை 2 லட்சம் டாலர், குடும்பத்தால் முடிந்தது 1.2 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். மீதி 80,000க்குத் தவணையில்லாத இரண்டாம் பத்திரம் எழுதப்படும். உடனே விற்றால் அந்தத் தொகை கிளைக்கு. ஆண்டுக்கணக்கில் குடியிருந்தால் படிப்படியாகத் தள்ளுபடி. வீட்டின் மதிப்பைக் காட்டி ஆசைகாட்டும் கந்துவட்டிக் கடன்காரர்களுக்கு இதுவே தடுப்பு.

2005இல் நிர்வாகக் குழு ஃபுல்லரைப் பதவியிலிருந்து நீக்கியது. அவர் அமெரிக்கஸிலேயே ஃபுல்லர் வீட்டு மையத்தைத் தொடங்கி, 2009இல் இறக்கும்வரை வட்டியில்லாக் கொள்கையை விடவில்லை. ஹேபிடாட் 2012இல் ‘மைக்ரோபில்ட்’ என்ற நிதியைத் தொடங்கியது. இந்தியா உட்படப் பல நாடுகளின் நுண்கடன் நிறுவனங்களுக்கு அது கடன் தருகிறது. அவை கூரை மாற்றவும் கழிப்பறை கட்டவும் குடும்பங்களுக்கு வட்டிக்குக் கடன் தருகின்றன. இங்கே வட்டியைச் சுமப்பது குடும்பமே. ஆனால் கடன் சிறியது, இரண்டு மூன்று ஆண்டில் தீர்ந்துவிடும். பெரும்பாலான ஏழைகள் ஒரேமூச்சில் கட்டாமல் அறை அறையாகத்தான் வீடு கட்டுகிறார்கள் என்ற நடைமுறைக்கும் அது ஒத்துவருகிறது. தவணையே கட்ட முடியாத குடும்பத்துக்கு 1969 முறையிலும் இடமில்லை, 2012 முறையிலும் இடமில்லை. ஆழிப்பேரலைக்குப் பின் தமிழகக் கடலோரத்தில் தொண்டு நிறுவனங்கள் கட்டியதுபோல, முழு மானிய வீடு ஒன்றே அவர்களுக்கு வழி.