தோட்டத்துத் தாயும் சேயும்



நம் தோட்டங்களின் வரலாறு என்றால் கப்பல், கங்காணி, ரப்பர் விலை என்றுதான் பெரும்பாலும் பேசுகிறோம். இன்று வேறொரு வரலாற்றைப் பார்ப்போம். பெற்ற தாயையும் பிறந்த குழந்தையையும் பற்றிய வரலாறு அது. நம் பாட்டிமார்களிடம் எத்தனை பிள்ளைகள் என்று கேட்டால், "பெத்தது எட்டு, தங்கினது மூணு" என்பார்கள். மற்ற ஐந்தும் எங்கே என்றால், "எல்லாம் தலையெழுத்து" என்று முடித்துவிடுவார்கள். அது தலையெழுத்துதானா? வரலாறு என்ன சொல்கிறது என்று கேட்போம்.

முதல் பகை மலேரியாக் காய்ச்சல். 1901-ஆம் ஆண்டில் மால்கம் வாட்சன் என்னும் டாக்டர் கிள்ளானுக்கு வந்தார். கிள்ளான் நகரிலும், இன்று போர்ட் கிள்ளான் எனப்படும் போர்ட் சுவெட்டன்ஹாமிலும் சதுப்பு நீரை வடித்துக் காய்ச்சலை அடக்கிக் காட்டினார். ஆனால் மேட்டு நிலத்துத் தோட்டங்களில் கதை வேறாக இருந்தது. காட்டை வெட்டி வெளிச்சம் விழச் செய்தால் காய்ச்சல் போய்விடும் என்று எண்ணினார்கள். அங்கே அது கூடியது. வெயில் படும் தெளிந்த ஓடை நீரில் முட்டையிடும் ஒரு வகைக் கொசு அங்கே இருந்ததே காரணம். பிறகுதான் ஓடைகளில் எண்ணெய் தெளிப்பதும், நிலத்தடியில் குழாய் பதித்து நீரை வடிப்பதும் வந்தன.

இதற்கும் தாய்க்கும் என்ன தொடர்பு? கர்ப்பிணியை மலேரியா பிடித்தால் கிருமி நச்சுக்கொடியிலேயே தங்கிவிடும். இரத்தம் குறையும், கரு கலையும், பிறந்தாலும் குழந்தை எடை குறைந்து பிறக்கும். இதோடு, வெறுங்காலுடன் நடக்கும் மண்ணிலிருந்து ஏறும் கொக்கிப்புழு மிச்சமிருந்த இரத்தத்தையும் உறிஞ்சியது. ஆகவே தோட்டத்தில் வெட்டிய ஒவ்வொரு கால்வாயும், கட்டிய ஒவ்வொரு கக்கூசும் பிரசவ வைத்தியத்தில் ஒரு பகுதி என்றே நாம் சொல்ல வேண்டும்.

அடுத்தது பிரசவ நேரம். லயத்து வீட்டில், மண்ணெண்ணெய் விளக்கு வெளிச்சத்தில், அனுபவமுள்ள ஒரு கிழவி பிள்ளை எடுப்பார். அவருடைய கைப்பக்குவத்தையும் அன்பையும் நாம் குறைத்துப் பேச மாட்டோம். ஆனால் தொப்புள்கொடியை அறுத்த கத்தி கொதிநீரைக் காணாததாக இருந்தால், ரணஜன்னிக் கிருமி உள்ளே போகும். சில நாட்களில் குழந்தை வாய் திறந்து பால் குடிக்க முடியாமல், உடம்பு விறைத்து இறந்துபோகும். பேய் அறைந்தது என்றார்கள். பேய் கத்தியில் இருந்தது. அதை ஓட்டக் கொதித்த நீரும், சுத்தமான கையும், பின்னாளில் தாய்க்குப் போட்ட தடுப்பூசியுமே போதுமானவையாக இருந்தன.

மூன்றாவது, பால். இங்குதான் நம் மக்களின் உழைப்பும் குழந்தையின் உயிரும் நேருக்கு நேர் மோதின. விடியுமுன்னே பெரட்டுக்குப் போக வேண்டும். கைக்குழந்தையை ஆயாக்கொட்டகையில் விட்டுவிட்டுத் தாய் மரம் வெட்டப் போவாள். 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் பிரசவகால உதவிப்பணத்துக்கும் தோட்டப் பள்ளிக்கூடத்துக்கும் வழி செய்தது உண்மை. ஆனால் நிரையில் நிற்கும் தாய்க்கு, நடுவில் ஓடிவந்து பால் கொடுக்க நேரம் ஏது? தாய்க்கு மார்பு கட்டும். பிள்ளைக்கு வயிறு காயும். அந்த இடைவெளியில்தான் டின் பால் நுழைந்தது.

இந்த இடத்தில் சிசிலி வில்லியம்ஸ் என்னும் பெண் டாக்டரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். 1893-இல் ஜமைக்காத் தீவில் பிறந்தவர். ஆப்பிரிக்காவின் கோல்டு கோஸ்டில், அதாவது இன்றைய கானாவில் வேலை செய்தபோது, வயிறும் காலும் வீங்கி, முடி நிறம் மாறிச் சாகும் குழந்தைகளைக் கண்டார். அந்த ஊர்ப் பெண்கள் அதைக் குவாஷியோர்கோர் என்றார்கள். அடுத்த குழந்தை வந்ததும் தாய்ப்பாலை இழந்த பிள்ளைக்கு வரும் நோய் என்பது அதன் பொருள். நேயர்களே, நாம் அதைச் சவலை என்கிறோம் அல்லவா? கடல் கடந்த இரண்டு இனத்துத் தாய்மார்கள் ஒரே உண்மையைத் தங்கள் தங்கள் சொல்லில் வைத்திருக்கிறார்கள். வெறும் மாவுக்கஞ்சி போதாது, வளரும் பிள்ளைக்குப் புரதம் வேண்டும் என்பதைச் சிசிலி 1930-களில் மருத்துவ உலகத்துக்கு எடுத்துச் சொன்னார்.

1936-இல் அவர் மலாயாவுக்கு மாற்றப்பட்டார். சிங்கப்பூரில், தாதி உடை உடுத்திய பெண்கள் வீடு வீடாகப் போய், பிள்ளை பெற்றவர்களிடம் இனிப்பு டின் பாலைப் புகழ்ந்து விற்பதைக் கண்டு கொதித்தார். அந்தப் பாலில் சர்க்கரை அதிகம். கொழுப்பு நீக்கிய வகையில் கண்ணுக்கு வேண்டிய வைட்டமின் ஏ சத்தும் இல்லை. அழுக்குத் தண்ணீரில் கரைத்து, கழுவாத புட்டியில் கொடுத்தால் வயிற்றுப்போக்கு நிச்சயம். 1939-இல் சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில், "பாலும் கொலையும்" என்று தலைப்பிட்டே அவர் பேசினார். பெரிய மனிதர்கள் கூடியிருந்த சபையில் அப்படிச் சொல்ல மிகுந்த துணிவு வேண்டும்.

1941 டிசம்பரில் ஜப்பானியர் படையெடுத்தபோது அவர் திரெங்கானுவில் இருந்தார். தப்பிச் சிங்கப்பூர் வந்தும் சாங்கிச் சிறையில் அடைபட்டார். உணவுக்கே வழியில்லாத அந்தச் சிறைவாசத்தில் 20 குழந்தைகள் பிறந்தன. அத்தனைக்கும் தாய்ப்பாலே கொடுக்கப்பட்டது, ஒன்றுகூடச் சாகவில்லை. சிறைக்குள் இப்படியென்றால், வெளியே அதே காலத்தில் நம் ஆண்கள் சயாம் மரண ரயிலுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். தோட்டத்தில் மரவள்ளிக்கிழங்கைத் தின்று பிள்ளைகளைக் காத்த நம் தாய்மார்களை எந்தப் புத்தகமும் பெயர் சொல்லி எழுதவில்லை. 1948-இல் உலகச் சுகாதார நிறுவனம் தாய்சேய் நலப் பிரிவைத் தொடங்கியபோது, சிசிலி வில்லியம்ஸே அதன் முதல் தலைவரானார்.

சுதந்திரத்துக்குப் பின் கிராமந்தோறும் மருத்துவச்சி நிலையங்கள் எழுந்தன. 2,000 பேருக்கு ஒரு பயிற்சி பெற்ற மருத்துவச்சி என்பது திட்டம். 1966-ஆம் ஆண்டு மருத்துவச்சிகள் சட்டம் பிரசவத் தொழிலை ஒழுங்குபடுத்தியது. 1957-இல் பிறந்த 1,000 குழந்தைகளில் 75 பேர் அளவில் ஓராண்டுக்குள் இறந்தார்கள். 1990-இல் அது 13 அளவுக்கு இறங்கியது. ஆனால் தோட்டம் தனியார் நிலம். அங்கே மருத்துவம் முதலாளியின் பொறுப்பு என்று விடப்பட்டது. அதனால் கம்பத்துக்கு மிஸ்ஸி சைக்கிளில் வந்தபோதும், பல தோட்டங்களில் ஒரே டிரெஸர் எல்லா நோய்க்கும் மருந்து கொடுத்துக்கொண்டிருந்தார். வசதி நாட்டுக்கு வந்தது என்பதும், நம் லயத்துக்கு வந்தது என்பதும் ஒன்றல்ல. இந்த வேறுபாட்டை நம் பிள்ளைகள் வரலாற்றுப் பாடமாகவே படிக்க வேண்டும்.

ஆக, பாட்டிமார் சொன்ன தலையெழுத்தை எழுதியது யார்? தேங்கிய நீரும், கொதிக்காத கத்தியும், அழுக்குப் புட்டியும், பால் கொடுக்க விடாத வேலை நேரமும் சேர்ந்து எழுதியவை அவை. மனிதர் எழுதியதை மனிதரே அழிக்க முடிந்தது.

இன்று தோட்டங்கள் பல துண்டாடப்பட்டுவிட்டன. குடும்பங்கள் வீடமைப்புப் பகுதிகளுக்குப் போய்விட்டன. பிரசவ விடுப்பும் 60 நாளிலிருந்து, 2023-ஆம் ஆண்டு முதல் 98 நாளாகியிருக்கிறது. உரிமை உள்ளது; அதைக் கேட்டு வாங்கத் தெரிய வேண்டும். கர்ப்பம் என்று தெரிந்த முதல் மூன்று மாதத்திலேயே அரசாங்கக் கிளினிக்கில் பெயரைப் பதியுங்கள். அவர்கள் தரும் ரோசாநிறப் புத்தகத்தைப் பத்திரமாக வையுங்கள். அதில் சிவப்பு அடையாளம் ஒட்டினால், "முதல் பிள்ளை நல்லபடியாகத்தானே பிறந்தது" என்று தயங்காமல் அன்றே ஆஸ்பத்திரிக்குப் புறப்படுங்கள். முதல் ஆறு மாதம் தாய்ப்பால் ஒன்றே போதும். பிள்ளை பெற்றவளுக்குப் பூண்டும் மருந்தும் அரைக்கும் மாமியார்களே, அதோடு அவளுக்கு முட்டையும் மீனும் கீரையும் குறைவில்லாமல் கொடுங்கள். அப்பன்மார்களே, கிளினிக் நாளை மறவாமல் கூடப் போங்கள். பிறப்புப் பத்திரத்தையும் காலத்தோடு எடுத்துவிடுங்கள். அது இல்லாமல் பள்ளி வாசலில் தவிக்கும் பிள்ளைகளை எங்களைப் போன்ற ஆசிரியர்கள் அறிவோம்.

தங்காமல் போன அந்தப் பிள்ளைகளுக்குப் பெயர்கூட வைத்திருக்க மாட்டார்கள். இனிப் பிறக்கும் பிள்ளை ஒவ்வொன்றும் பெயரோடு வளர்ந்து பள்ளிக்கு வரட்டும்.