அப்பாவின் பல்செட்டும் இருநூறு வருஷக் கதையும்

போன மாசம் மதுரையிலிருந்து புனே வரும் வழியில் அப்பா பல்செட்டைத் தொலைத்துவிட்டார். ராத்திரி காகிதத்தில் பொதிந்து தலைமாட்டில் வைத்திருக்கிறார். காலையில் குப்பையோடு போய்விட்டது. மூன்று வாரமாக ரசம் சாதம்தான். வெளியே வா என்றால், "இந்த வாயோட எங்கடா வர்றது?" என்கிறார்.

ஊரில் செய்த டாக்டருக்குப் போன் போட்டு, "அதே அச்சில் இன்னொன்று கிடைக்குமா?" என்றேன். சிரித்துவிட்டார். அச்சை உடைத்தால்தான் பல்செட்டையே வெளியே எடுக்க முடியுமாம். மறுபடி முதலிலிருந்து அளவெடுக்க வேண்டும், நாலைந்து தடவை போக வேண்டும்.

அந்தக் கடுப்பில் இதன் வரலாற்றைத் தேடிப் படித்தேன். பல் என்பது ஒரு காலத்தில் காசுள்ளவன் சொத்தாகத்தான் இருந்திருக்கிறது. ஜார்ஜ் வாஷிங்டன் 1789ல் ஜனாதிபதியானபோது அவருக்குச் சொந்தப் பல் ஒன்றுதான். கட்டியிருந்த செட்டில் நீர்யானைத் தந்தமும் மனிதப் பற்களும் இருந்தன. 1784ல் அடிமைகளிடமிருந்து ஒன்பது பற்கள் வாங்கிய செலவு அவர் வீட்டுக் கணக்கிலேயே இருக்கிறது. 1815ல் வாட்டர்லூ போரில் செத்த சிப்பாய்களின் பற்களையும் பிடுங்கி விற்றார்கள்.

பிறகு ரப்பர் வந்தது. கெட்டிப்படுத்திய ரப்பரில் (வல்கனைட்) அடிப்பாகம் செய்ததும் விலை இறங்கியது. ஆனால் காப்புரிமை வைத்திருந்த கம்பெனி டாக்டர்களிடம் கட்டணம் கேட்டது, கட்டாதவர்கள் மேல் வழக்குப் போட்டது. அந்தக் கம்பெனியின் பொருளாளர் ஜோசையா பேக்கனை 1879ல் சான்பிரான்சிஸ்கோவில் சாமுவேல் சால்ஃபன்ட் என்ற பல் டாக்டர் சுட்டே கொன்றுவிட்டார்! 1881ல் காப்புரிமை முடிந்தது.

1930களின் கடைசியில் அக்ரிலிக் வந்தது. ஈறு நிறம், லேசான எடை, மலிவு. அப்பாவுடையதும் அதுதான். பொடியையும் திரவத்தையும் மாவு மாதிரிக் கலந்து, சாந்து அச்சில் அழுத்தி, வெந்நீரில் வேக வைப்பார்கள். இறுகும்போது கொஞ்சம் சுருங்கும். "லூசா இருக்குடா" என்ற புலம்பலுக்கு அதுவும் ஒரு காரணம்.

இப்போது அதே அக்ரிலிக்கைத் தொழிற்சாலையிலேயே இறுக வைத்து வட்டத் தட்டாகக் கொடுக்கிறார்கள். கம்ப்யூட்டரில் வடிவமைத்து, மெஷினில் கடைந்து எடுக்கிறார்கள். சுருங்க வேண்டியதெல்லாம் முன்பே சுருங்கிவிட்டது. ஒளி பட்டால் இறுகும் திரவத்தை அடுக்கடுக்காக அச்சிடுவதும் உண்டு. அதில் செலவு குறைவு, ஆனால் பொதுவாகக் கடைந்ததன் உறுதி இருக்காது.

எனக்குப் பெரிதாகப் பட்டது வேறு விஷயம். இந்த முறையில் உடைக்க அச்சே இல்லை, ஃபைல்தான். தொலைந்தால் இன்னொன்று செய்துகொள்ளலாம். தாடை எலும்பு வருஷா வருஷம் தேய்வதால் பழைய ஃபைல் என்றைக்கும் பொருந்தாது, நிஜம்தான். ஆனாலும் மூன்று வாரம் ரசம் சாதம் சாப்பிட வேண்டியதில்லை.

உங்கள் வீட்டுப் பெரியவருக்குச் செட் கட்டும்போது இந்த வசதி உண்டா என்று கேளுங்கள். இருந்தால் ஃபைலை வாங்கி உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள். ரயிலில் வரும்போது டப்பாவில் போட்டுக் கொண்டுவரச் சொல்லுங்கள். காகிதம் வேண்டவே வேண்டாம்.