சொல் எங்கே இருக்கிறது?

வேதாகமத்துக்கு வசன எண்கள் வராத காலம். 1230களில் பாரிஸ் தொமினிக்கன் மடத்துத் துறவியர், ஹியூ என்பவரின் தலைமையில், லத்தீன் வேதாகமத்தின் சொற்களை அகரவரிசைப்படுத்தத் துணிந்தார்கள். ஒவ்வோர் அதிகாரத்தையும் ஏழு கூறாக்கி, 'ஏ' முதல் 'ஜி' வரையிலான எழுத்துகளை அடையாளமாக வைத்தார்கள். பிரசங்கிகள் நினைவை மட்டும் நம்பி வசனம் தேடிய நிலை மாறத் தொடங்கியது. சொல்லடைவு என்றும் ஒத்தவாக்கிய அகராதி என்றும் தமிழில் வழங்கும் நூல்வகை இப்படித்தான் பிறந்தது.

எபிரேய வேதத்துக்கு அத்தகைய நூல் 15ஆம் நூற்றாண்டில் கிடைத்தது. தென்பிரான்சின் ஆர்ல் நகரத்து ஈசாக் நாதான், கிறிஸ்தவர்களோடு சமய வாதம் செய்ய வேண்டியிருந்த யூதர்களுக்காக அதைத் தொகுத்தார். வாதத்தில் இரு தரப்பாரும் ஒரே இடத்தைப் புரட்ட வேண்டுமே! அதனால் லத்தீன் வேதாகமத்தின் அதிகாரப் பிரிவுகளையே எடுத்துக்கொண்டார். 1523இல் வெனிஸில் நூல் அச்சேறியது.

இங்கிலாந்தில் இந்த வேலை உயிருக்கே உலை வைத்தது. விண்ட்சர் ஆலயத்தில் ஆர்கன் வாசித்த ஜான் மார்பெக் 1543இல் சமய விரோதக் குற்றச்சாட்டில் கைதானார். எழுதிக்கொண்டிருந்த சொல்லடைவும் பறிபோனது. மரண தண்டனையிலிருந்து மன்னிப்புப் பெற்றவர், மறுபடி எழுதி 1550இல் வெளியிட்டார்.

மூலமொழி கற்காத வாசகருக்குக் கதவு திறந்தது 19ஆம் நூற்றாண்டில்தான். 1879இல் ராபர்ட் யங், ஆங்கிலச் சொல் ஒவ்வொன்றையும் அதன் எபிரேய, கிரேக்க மூலத்தின்படி பிரித்துக் காட்டினார். 1890இல் அமெரிக்கப் பேராசிரியர் ஜேம்ஸ் ஸ்ட்ராங், மூலச்சொற்களுக்கு எண் கொடுத்தார். தமிழ் வேதாகமத்தின் பழைய மொழிபெயர்ப்பில் லூக்கா 2:1, யோவான் 3:16, மத்தேயு 28:20 மூன்றிலும் 'உலகம்' என்றே இருக்கும். ஸ்ட்ராங் எண்களோ 3625, 2889, 165 என்று விலகி நிற்கும்: மக்கள் குடியிருக்கும் பூமி 'ஒய்க்குமெனே', படைப்பும் மனிதகுலமும் 'கோஸ்மோஸ்', யுகம் 'அயோன்'.

எண் சொல்லைத்தான் காட்டும். பொருளுக்கு அகராதி வேண்டும். ஜெர்மனியின் ஹாலே நகரில் வில்ஹெல்ம் கெசேனியுஸ், அரபு, சீரியம் முதலிய உறவுமொழிகளோடு ஒப்பிட்டு எபிரேய அகராதியை 1810 முதல் வெளியிட்டார். கிரேக்கத்துக்கு எகிப்து மணலில் கிடைத்த பாப்பிரஸ் ஏடுகள் கைகொடுத்தன. புதிய ஏற்பாட்டின் மொழி அன்றாடக் கடிதங்களிலும் கணக்குகளிலும் புழங்கியதே என்று அடால்ஃப் டைஸ்மன் அவற்றைக் கொண்டு காட்டினார். மனிதர் பார்க்கவென்று தர்மம் செய்கிறவர்கள் பலனை அடைந்துவிட்டார்கள் என்று மத்தேயு 6:2இல் வரும் 'அபெகோ', முழுத்தொகையும் பெற்றுக்கொண்டதற்கு வணிகர்கள் ரசீதில் எழுதிய சொல். இனி அவர்களுக்கு வரவேண்டிய பாக்கி எதுவும் இல்லை என்பதே அங்கே இயேசு சொல்வது.