நோர்வூட்டின் தகரக் கூரைகள்

நோர்வூட் என்ற பெயரில் தென் இலண்டனிலும் ஓர் ஊர் உண்டு. வடகாடு என்பது அதன் பொருள். மலையகத்து நோர்வூட்டில் பெயரைப் போலவே வீடும் கடல் கடந்து வந்ததுதான்.

'பங்களா' வங்காளத்து வீட்டைக் குறித்த சொல். அதனோடு கணப்படுப்பையும் புகைபோக்கியையும் சேர்த்தது பிரித்தானியக் குளிர். தொழிலாளர் குடியிருப்பான 'லயம்', ஆங்கில 'லைன்' என்பதன் திரிபு; 'காம்பரா' போர்த்துக்கேயர் தந்தது. கூரையின் நெளிதகரமும் இறக்குமதியே. 1829 இல் அதற்குக் காப்புரிமை பெற்றவர் இலண்டன் துறைமுகப் பொறியியலாளர் ஹென்றி பாமர். தகட்டை நெளித்தால் வலு கூடும். மெல்லிய மரச்சட்டங்களே அதைத் தாங்கப் போதும். 1884 இல் ஹட்டனுக்குப் புகையிரதம் வந்தபின் இத்தகைய பாரங்களை மலையேற்றுவது எளிதாயிற்று.

கூரைக்குக் கீழேதான் வேறுபாடு. பங்களாவில் தகரத்தின் அடியில் மரப்பலகை மேற்தளம் அமைத்தார்கள். லயத்திலோ பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையொன்றில் ஒரு குடும்பமே ஒடுங்கியது. மழை தலைக்கு மேலேயே இரைந்தது.

இன்று நோர்வூட் பங்களா உல்லாசப் பயணிகளின் விடுதி. 2017 மே 12 அன்று நோர்வூட் மைதானத்தில் பேசிய இந்தியப் பிரதமர் மோடி, மலையகத்துக்கு மேலும் 10,000 வீடுகளை அறிவித்தார். லயங்கள் மறைய வேண்டியவையே. அதில் எனக்கு இரண்டாம் கருத்தில்லை. ஆயினும் கம்பளைக்கு அருகே பழைய லயமொன்று 2007 முதல் தொழிலாளர் அருங்காட்சியகமாக நிற்கிறது. அதுபோல, இடிக்கும் முன்னர் தோட்டத்துக்கு ஒரு லயத்தையேனும் அளந்து வரைந்து வைப்போம். நம் பாட்டன்மார் எங்கே படுத்துறங்கினார்கள் என்பதற்கு வேறு சான்று இராது.